ஓசூர் எல்லையில் புவியியல் பரீட்சை: ஒரு கோட்டின் கதை



பத்தாம் வகுப்பு முடித்த யாரையும் நடுராத்திரி எழுப்பி "தமிழ்நாட்டின் அமைவிடம்?" என்று கேட்டுப் பாருங்கள். 8 டிகிரி 4 நிமிடம் வடக்கு முதல் 13 டிகிரி 35 நிமிடம் வரை, 76 டிகிரி 18 நிமிடம் கிழக்கு முதல் 80 டிகிரி 20 நிமிடம் வரை என்று பாதித் தூக்கத்திலேயே ஒப்பித்துவிடுவார்கள். பரப்பளவு 1,30,058 சதுர கிலோமீட்டர் என்பது இலவச இணைப்பு. இந்த எண்களை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பப்ளிக் பரீட்சையில் மார்க் வந்தது, போதாதா?

இந்தக் கட்டுரை அந்தப் பரீட்சையைப் பற்றியதுதான். அதிலும் குறிப்பாக, தமிழ்நாட்டு மேப்பில் வடமேற்கு மூலையில், கர்நாடகத்துக்குள்ளே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் இந்தப் பாடத்தைப் படிப்பது எப்படி இருந்திருக்கிறது என்பதைப் பற்றியது. ஏன் அந்தப் பக்கம்? மற்ற ஊர்களில் மாணவர்கள் மேப்பைப் படித்தார்கள். ஓசூர் மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே மேப் மாறிக்கொண்டிருந்தது!

முதலில் கொஞ்சம் பழைய கதை.

தமிழில் புவியியல் என்ற சொல் புதியது. தாத்தாக்களுக்கு அது "பூகோளம்". அவர்களுடைய தாத்தாக்களுக்கு "பூமிசாஸ்திரம்". திருநெல்வேலியில் வேலை செய்த ஜெர்மன் பாதிரியார் ரேனியஸ் 1832-ல் வெளியிட்ட புத்தகத்தின் பெயரே பூமிசாஸ்திரம்தான். தமிழில் அச்சான ஆரம்பகால அறிவியல் பாடநூல்களில் அது ஒன்று. மேப்புக்கு அப்போது "தேசப்படம்" என்று பெயர். அழகான சொல், வழக்கொழிந்து போனது வருத்தம்தான்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அது நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வில் வரலாற்றோடு சேர்த்து பூகோளமும் இருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்து, ஓசூர் பள்ளியில் படித்து, பிறகு பெங்களூருக்குப் போய்ப் படித்த ஒரு பையன் 1891-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அவர்தான் ராஜாஜி. அன்றைக்கே ஓசூர்ப் பையனுக்கு மேல்படிப்பு என்றால் பெங்களூர்தான், சென்னை அல்ல என்பதைக் கவனியுங்கள். பூகோளத்தின் முதல் பாடமே தூரம் என்றால், அது அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும். பின்னாளில் சேலத்தில் வக்கீலாக இருந்தபோது 1916-ல் நண்பர் வெங்கடசுப்பையருடன் சேர்ந்து தமிழில் அறிவியல் சொற்களை உண்டாக்க ஒரு சங்கமும் பத்திரிகையும் ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் உருப்போட்டு பரீட்சை எழுதிய தலைமுறைக்குத்தான் தாய்மொழியில் பாடம் வேண்டும் என்ற தாகம் அதிகம் இருந்திருக்கிறது.

1911-ல் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. இன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி. என்றால் ஒரு தாள். அன்றைக்கு அது ஒரு புத்தகம். பள்ளியில் வாங்கிய மார்க்கும் அரசுத் தேர்வில் வாங்கிய மார்க்கும் அந்தப் புத்தகத்தில் பதியப்படும். எல்லாப் பாடத்துக்கும் பொதுத்தேர்வு கிடையாது. சிலவற்றுக்குப் பள்ளியே மார்க் போட்டுக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் நம் ஊரில் ஒரு விதி உண்டு: பரீட்சை இல்லாத பாடத்தை யாரும் மதிப்பதில்லை. (எங்கே, எத்தனை பேர் நீதிபோதனை வகுப்பில் நீதி படித்தீர்கள், கையைத் தூக்குங்கள்!)

பூகோள ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. 1926-ல் மெட்ராஸ் புவியியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவில் இந்தப் பாடத்துக்காக எழுந்த ஆரம்பகாலச் சங்கங்களில் ஒன்று. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பூகோளம் கற்பித்த என்.சுப்பிரமணியம் அதன் முதுகெலும்பாக இருந்தார். அதே 1926-லேயே ஒரு ஆய்விதழையும் ஆரம்பித்தார்கள். இன்று அது இந்தியன் ஜியாக்ரஃபிகல் ஜர்னல் என்ற பெயரில் வருகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்கள் பெரிய ஆராய்ச்சியாளர்கள் அல்ல. பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று கவலைப்பட்ட வாத்தியார்கள்.

சரி, ஓசூருக்கு வருவோம்.

பத்தாம் வகுப்பு மாணவன் தமிழ்நாட்டு மேப்பில் மேற்குப் பக்கம் ஒரு கோடு போடுகிறானே, கர்நாடக எல்லை, அந்தக் கோடு எப்போது வந்தது? பலரும் 1956 நவம்பர் 1, மொழிவாரி மாநிலப் பிரிவினை என்று சொல்வார்கள். பரீட்சையில் அந்தப் பதிலுக்கு மார்க் கிடைக்கும். ஆனால் ஓசூர் விஷயத்தில் அது பாதி உண்மை.

மைசூர்ப் போர்களை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மூன்றாம் போரின் முடிவில், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், திப்பு சுல்தான் பாராமகாலை கம்பெனியிடம் இழந்தார். பாராமகால் என்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துச் சமவெளி. மலைக்கு மேலே இருக்கிற ஓசூர், தேன்கனிக்கோட்டை பகுதி அப்போது கைமாறவில்லை. அதற்குப் பாலாகாட் என்று பெயர், அதாவது கணவாய்க்கு மேலே. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு நடந்த பங்கீட்டில்தான் ஓசூர்ப் பகுதி கம்பெனிக்கு வந்தது. கம்பெனி அதைச் சேலம் மாவட்டத்தில் சேர்த்தது. மிச்ச மைசூர் உடையார்களுக்குப் போனது.

அதாவது ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் இருக்கிற எல்லை, அடிப்படையில் 1799-ல் போர் முடிந்ததும் போடப்பட்ட பங்குக்கோடு. அது எந்த மொழியையும் பார்த்துப் போட்டதல்ல. அந்தப் பக்கத்தில் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது நாலும் ஒரே சந்தையில் கேட்கும். எந்த மொழிக்காரர் எங்கே முடிகிறார் என்று அங்கே பென்சிலால் கோடு போட முடியாது. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது ஓசூரைக் கர்நாடகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற குரலும் இருந்தது. கடைசியில் பழைய மாவட்ட எல்லையே மாநில எல்லையாக நின்றது. போர்க்கோடு மொழிக்கோடாகப் பெயர் மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

இன்னொரு சுவாரசியம். அந்தக் கோட்டைத் தேசப்படத்தில் ஏற்றியவர்களும் பெரிய ஆட்கள். 1799 முடிந்த கையோடு காலின் மெக்கென்சி மைசூர் சர்வேயை ஆரம்பித்தார். அவருக்குக் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்றே எல்லையை அளப்பதுதான். வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து, முக்கோணம் முக்கோணமாக மேற்கே நகர்ந்து, 1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோடு அளந்து சரிபார்த்தார். உலகின் மிகப்பெரிய நில அளவைத் திட்டங்களில் ஒன்று நம் பக்கத்து மலைகளை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறது. கோணங்கள் பாடத்தைக் கணக்கில் வெறுத்தவர்கள் இதைப் படித்திருந்தால் கொஞ்சம் மன்னித்திருப்பார்கள். ஆனால் பாடத்திட்டத்தில் கணக்கு வேறு, புவியியல் வேறு, வரலாறு வேறு. ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாது.

1956-க்குப் பிறகும் கோடு அசைந்தது. ஆந்திரத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் நடுவில் பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று கிராமங்கள் கைமாறின. திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. 1960 மார்ச் மாதம் பரீட்சைக்குப் படித்த மேப், மே விடுமுறையில் பழசாகிவிட்டது.

இப்போது ஓசூரில் ஒரே வீட்டில் மூன்று தலைமுறை எஸ்.எஸ்.எல்.சி. எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா 1964-ல் எழுதினார். அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. "உங்கள் மாவட்டம் எது?" என்றால் அவர் எழுத வேண்டிய பதில் சேலம். மாநிலம் சென்னை. பக்கத்து மாநிலம் மைசூர். மறு வருடமே, 1965 அக்டோபர் 2 அன்று, தர்மபுரி தனி மாவட்டமானது. 1969 ஜனவரி 14-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. 1973 நவம்பர் 1-ல் மைசூர் கர்நாடகமானது. 1978-ல் பத்து கூட்டல் இரண்டு முறை வந்து எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கியது. அப்பா 1990-ல் எழுதினார்: மாவட்டம் தர்மபுரி, மாநிலம் தமிழ்நாடு, பக்கத்தில் கர்நாடகம். பேரன் 2005-ல் எழுதினான்: மாவட்டம் கிருஷ்ணகிரி. ஏனென்றால் 2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியைப் பிரித்து மாநிலத்தின் 30-வது மாவட்டமாக கிருஷ்ணகிரி வந்துவிட்டது.

வீடு அதே வீடு. திண்ணைகூட மாறவில்லை. மூன்று பேருக்கும் மூன்று சரியான பதில். தாத்தா பதிலைப் பேரன் எழுதினால் பூஜ்யம்!

மாவட்டங்களின் எண்ணிக்கை என்ற ஒரு மார்க் கேள்வி அதற்கப்புறமும் நிம்மதியாக இருக்கவில்லை. 2007-ல் அரியலூர், 2009-ல் திருப்பூர் என்று 32 ஆனது. பத்தாம் வகுப்புக்குப் புதிய புத்தகம் 2019-ல் வந்தது. அதே வருடம் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று ஐந்து மாவட்டம் பிறந்தது. அதில் திருப்பத்தூர் கிருஷ்ணகிரிக்கு அடுத்த வீடு. 2020-ல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38. புத்தகத்தின் மை காய்வதற்குள் எண் மாறிவிட்டது. மாணவனுக்கு வருகிற நியாயமான சந்தேகம்: புத்தகத்தில் இருப்பதை எழுதுவதா, பேப்பரில் வந்ததை எழுதுவதா? பரீட்சை என்று வந்துவிட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் புத்தகத்தைத்தான் நம்புவோம்.

ரோடும் அப்படித்தான். ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகப் போகிற பெங்களூர் சாலையைப் பல தலைமுறை மாணவர்கள் என்.ஹெச். 7 என்று படித்தார்கள். வாரணாசி முதல் கன்னியாகுமரி வரை, இந்தியாவின் நீளமான தேசிய நெடுஞ்சாலை, 2369 கிலோமீட்டர். இது நிச்சயம் வரும் கேள்வி. 2010-ல் எல்லா நெடுஞ்சாலைகளுக்கும் எண் மாற்றினார்கள். இப்போது அது ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரி வரை போகிற என்.ஹெச். 44, நீளம் 3745. இதைவிடக் கொடுமை, பழைய என்.ஹெச். 66 என்பது பாண்டிச்சேரி முதல் கிருஷ்ணகிரி வரை. புதிய என்.ஹெச். 66 எங்கே தெரியுமா? மேற்குக் கடற்கரையில், மும்பைப் பக்கத்துப் பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை! அண்ணன் வைத்துவிட்டுப் போன பழைய கைடைத் தம்பி படித்தால் கிருஷ்ணகிரியில் கடல் வந்துவிடும்.

அடுத்து மழை. இதுதான் ஓசூர் மாணவனுக்கும் புவியியல் புத்தகத்துக்கும் நடுவில் இருக்கிற உண்மையான வழக்கு.

"தமிழ்நாடு அதிக மழை பெறுவது எந்தப் பருவக்காற்றால்?" பதில்: வடகிழக்கு, சுமார் 48 சதவீதம். தென்மேற்கு சுமார் 32 சதவீதம். மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் இது சரி. சென்னைக்காரருக்கு, கடலூர்க்காரருக்கு, நாகப்பட்டினக்காரருக்கு ஐப்பசி அடைமழை கண்கூடு. ஆனால் ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவத்தில் பெய்கிற மழை வடகிழக்கைவிட அதிகம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மானாவாரி ராகியை ஆடி மழையை நம்பித்தான் விதைக்கிறார்கள். விவசாயி வீட்டுப் பையன் ஜூன், ஜூலையில் நனைந்துகொண்டே பள்ளிக்குப் போய், அங்கே உட்கார்ந்து "நம் மாநிலம் தென்மேற்குப் பருவக்காற்றின் மழைமறைவுப் பிரதேசம்" என்று எழுதுகிறான். மழை யாருடைய மாநிலத்தில் பெய்கிறது என்று அவனுக்குக் குழப்பம் வராதா?

புத்தகத்தில் தப்பு இல்லை. சராசரி என்பதே அப்படித்தான். புள்ளியியல் படித்த நம் கும்பலுக்குத் தெரியும், சராசரி ஆழம் மூன்றடி என்று சொன்ன ஆற்றில் ஆள் மூழ்கலாம். ஆனால் அந்தப் பாடம் நடக்கும்போது "நம்ம ஊரில் மட்டும் ஏன் வேற மாதிரி?" என்று ஒரு கேள்வியை வகுப்பில் விட்டிருந்தால், உயரம், பீடபூமி, காற்று, மலைத்தொடர் எல்லாம் ஒரே பீரியடில் புரிந்திருக்கும். அப்படி நடத்துகிற ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பல பள்ளிகளில் வரலாறு படித்த ஒருவரே வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நாலையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறார். பிப்ரவரிக்குள் போர்ஷன் முடிய வேண்டும். ரிவிஷன் டெஸ்ட் காத்திருக்கிறது. இதில் ராகிக்கு எங்கே நேரம்?

தொழிற்சாலைப் பாடம் அடுத்த வேடிக்கை. "தொழிற்சாலைகளின் அமைவிடத்தைத் தீர்மானிக்கும் காரணிகள் யாவை?" மூலப்பொருள், மின்சாரம், தொழிலாளர், போக்குவரத்து, சந்தை, மூலதனம். ஆறு தலைப்பு எழுதினால் ஐந்து மார்க். பி.காம். வந்த பிறகும் இதே ஆறு தலைப்பு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மன்காரர் 1909-லேயே இதற்கு ஒரு கோட்பாடு எழுதிவிட்டார்: மூலப்பொருளின் எடை, சந்தையின் தூரம், போக்குவரத்துச் செலவு.

இப்போது ஓசூரைப் பாருங்கள். அங்கே இரும்புத் தாது கிடையாது, நிலக்கரி கிடையாது, துறைமுகம் கிடையாது. சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் அதே பத்தாண்டுகளில் ஓசூரில் தொழிற்பேட்டை போட்டது. பின்தங்கிய பகுதி என்ற சலுகைகள் கிடைத்தன. 1980-ல் அசோக் லேலண்ட் வந்தது. டி.வி.எஸ். 50 மொபெட் அதே 1980-ல் ஓசூரிலிருந்து ஓட ஆரம்பித்தது. 1984-ல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் கடிகாரம் செய்தார்கள். காரணி எது? 40 கிலோமீட்டரில் பெங்களூர் இருப்பதும், அந்த 1799 கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசு சலுகை கொடுத்ததும்தான். அதாவது மாநில எல்லையே ஒரு தொழில் காரணி! இது எந்த ஆறு தலைப்பிலும் வராது. "அரசின் கொள்கை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஷிப்டுக்குப் போகிற அப்பாவின் சைரன் சத்தத்தில் படிக்கிற பையனுக்கு அந்த ஒரு வரிதான் முழுப் பாடம்.

இந்தத் தொழிற்சாலைகளால் பள்ளிகளும் பிரிந்தன. வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் பெருகப் பெருக மெட்ரிக் பள்ளிகள் பெருகின. ஸ்டேட் போர்டில் மொத்தம் 500 மார்க், அதில் சமூக அறிவியல் 100. அந்த நூறில்தான் புவியியலுக்கு ஒரு பங்கு. மெட்ரிக்கில் மொத்தம் 1100. புவியியலுக்குத் தனித்தாளே இருந்தது. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பையன் புவியியலுக்குச் சில கேள்விகள் எழுத, எதிர்வீட்டுப் பெண் முழுத் தாள் எழுதினாள். அரசுப் பள்ளிகளிலோ தெலுங்கு வழி, கன்னட வழி, உருது வழி வகுப்புகளும் உண்டு. தமிழ்நாட்டின் ஆறுகளைத் தெலுங்கில் படிக்கிற பிள்ளைக்கு ஆந்திரத்துப் புத்தகம் உதவாது, தமிழ்க் கைடும் உதவாது. மற்ற ஊர் மாணவர்களுக்குக் கடை நிறைய கொஸ்டின் பேங்க் கிடைக்கிறபோது இவர்களுக்குப் பாடப்புத்தகமும் ஆசிரியரின் நோட்ஸும்தான் துணை. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் 2016 முதல் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாளும் கட்டாயம் என்றானபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்கள் ஒவ்வொரு முறையும் கோர்ட் படியேறி விலக்கு வாங்க வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த வருடத்துக்கு விலக்கு கிடைத்தது. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எந்தெந்தத் தாள் எழுத வேண்டும் என்பதே தெரியாமல் படிப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

நாலு வகைப் போர்டுகளையும் ஒன்றாக்கிய சமச்சீர் கல்வி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் 2011 பத்தாம் வகுப்பு பேட்ச் பட்ட பாடு பாடப்புத்தகத்தில் வராது. 2010-ல் 1, 6 வகுப்புகளுக்கு மட்டும் வந்தது. 2011-ல் மற்ற வகுப்புகளுக்கு வர வேண்டும். மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. பள்ளி திறப்பு ஜூன் 15-க்குப் போனது. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், நிபுணர் குழு, மறுபடி உயர் நீதிமன்றம் என்று பந்து உருண்டது. ஜூலை 18-ல் உயர் நீதிமன்றம் அரசின் சட்டத்திருத்தத்தை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றம் சமச்சீர்தான் என்று முடிவு சொல்லி, பத்து நாளில் அமல்படுத்தச் சொன்னது. அதுவரை பப்ளிக் எழுதப்போகிற பிள்ளைகளிடம் எந்தப் புத்தகம் என்ற பதிலே இல்லை. கடைசியில் கைக்கு வந்த புத்தகங்களில் சில இடங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரைச் சுரண்டி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காத மாணவன் தமிழ்நாட்டில் இருந்திருக்க முடியாது. :-)

பரீட்சைத் தயாரிப்பு என்று வந்தால் புவியியலின் உயிர் மேப்தான். கட்டுரைக் கேள்வியில் திருத்துபவர் மனசு வைத்தால் உண்டு. மேப் அப்படி இல்லை, இடம் சரியாக இருந்தால் முழு மார்க். அதனால் டிசம்பர் தாண்டினால் ஸ்டேஷனரிக் கடைகளில் அவுட்லைன் மேப் கட்டுக்கட்டாகப் போகும். ஒரு காலத்தில் எண்ணெய் தடவிய தாளை அட்லஸ் மேல் வைத்து வரைந்தார்கள். பிறகு பிளாஸ்டிக் ஸ்டென்சில் வந்தது. பிறகு ஜெராக்ஸ். தேர்வுத் தாளோடு அச்சடித்த அவுட்லைனே தந்துவிடுவதால் வரையத் தெரிய வேண்டியதில்லை, வைக்கத் தெரிந்தால் போதும். ஆற்றுக்கு நீலம், மலைக்குப் பழுப்பு, காட்டுக்குப் பச்சை. முந்தைய பத்து வருடக் கேள்வித்தாளைப் பார்த்து, எந்த இடங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று எண்ணி, இருபது முப்பது இடங்களை மட்டும் கை பழகும் வரை குறித்துப் பார்ப்பார்கள். கஷ்டப்படுகிற மாணவனைப் பாஸ் கோட்டுக்கு மேலே தூக்கிவிட்டதில் இந்த மேப் கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு. குறுக்குவழி என்று இதைக் கிண்டல் செய்கிறவர்கள், 35 மார்க் என்பது சில வீடுகளில் எவ்வளவு பெரிய எண் என்பதை அறியாதவர்கள். பத்தாவது பாஸ் என்றால் ஐ.டி.ஐ. போகலாம், சிப்காட்டில் அப்ரென்டிஸ் ஆகலாம். ஃபெயில் என்றால் அதே சிப்காட்டில் கான்ட்ராக்டில் லோடு இறக்கலாம். இரண்டுக்கும் நடுவில் சில நேரம் நின்றது தமிழ்நாட்டு மேப்பில் வைத்த ஒரு புள்ளிதான்.

அந்த மேப்பில் ஓசூர் மாணவன் குறிக்கிற தென்பெண்ணை ஆறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரைத் தொட்டுக்கொண்டு, ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கடலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. நீலப் பென்சிலால் ஒரே இழுப்பு. ஆனால் கெலவரப்பள்ளி அணையில் போய்ப் பார்த்தால் ஆறு பல நாட்களில் வெள்ளை நிறம். பெங்களூர்க் கழிவில் பொங்கும் நுரை. அதற்குக் கீழே, 1950களின் கடைசியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணை, உயரம் 52 அடி. 2017 நவம்பரில் அதன் ஒரு மதகு உடைந்து தண்ணீர் வீணாகப் பாய்ந்தது. துணை நதியான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் யார்கோளில் அணை கட்டியது. தமிழ்நாடு போட்ட மனுவை 2019 நவம்பர் 14-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இதெல்லாம் புவியியல்தானே? நீர் வளம், மாசுபாடு, பல்நோக்குத் திட்டம் என்று மூன்று பாடத்துக்கான உதாரணம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது. பாடத்தில் பல்நோக்குத் திட்டம் என்றால் பக்ராநங்கல், ஹிராகுட். அவையும் தெரிய வேண்டியவைதான். ஆனால் பஞ்சாப் அணையை உருப்போட்ட பிள்ளைக்குத் தன் ஊர் அணையின் மதகு எத்தனை என்று தெரியாமல் போவது கொஞ்சம் உறுத்துகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக 2020. மார்ச் 27-ல் தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு கொரோனாவால் நின்றது. ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள். அந்த மாதங்களில்தான் மாநில எல்லை என்றால் என்ன என்பது ஓசூருக்கு முழுதாகப் புரிந்தது. ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் தடுப்பு. அதுவரை டீ குடிக்க அத்திப்பள்ளி போய்வந்தவர்கள் இ-பாஸ் இல்லாமல் தாண்ட முடியவில்லை. இருநூறு வருடமாகக் காகிதத்தில் கிடந்த கோடு இரும்புக் கம்பியாக எழுந்து நின்றது. ஜூன் 9-ல் தேர்வே ரத்து, எல்லோரும் பாஸ். மார்க்கில் 80 சதவீதம் காலாண்டு, அரையாண்டுத் தேர்விலிருந்து, 20 சதவீதம் வருகைப்பதிவிலிருந்து. அரையாண்டை "பப்ளிக்கில் பார்த்துக்கலாம்" என்று அலட்சியமாக எழுதியவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டார்கள். 1911-ன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பள்ளி மார்க்குக்கு ஒரு இடம் இருந்ததே, அது 109 வருடம் கழித்து வேறு வழியில்லாமல் திரும்பி வந்தது! 2021 பேட்சுக்கு அந்தப் பரீட்சையும் இல்லாமல் போனது. அவர்களுடைய சான்றிதழில் மார்க்குக்குப் பதில் தேர்ச்சி என்ற சொல் மட்டும். 2022 மே மாதம்தான் மறுபடி ஹாலில் உட்கார்ந்து மேப் குறித்தார்கள்.

ஜூன் மாதம் ப்ளஸ் ஒன் சேர்க்கை. காமர்ஸ் குரூப் எடுத்தால் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல். சயின்ஸ் எடுத்தால் இயற்பியல், வேதியியல். ப்ளஸ் ஒன்னில் புவியியல் இருக்கிற குரூப் எல்லாப் பள்ளியிலும் கிடையாது, இருந்தாலும் கூட்டம் சேராது. அட்லஸ் தம்பிக்குப் போகும், தம்பி இல்லையென்றால் பழைய பேப்பர் கடைக்கு. போகும்போது அதில் கிருஷ்ணகிரி மாவட்டம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள். 2004-க்கு முந்தைய அட்லஸ் என்றால் தராசில் போடாதீர்கள், ஓசூர் இன்னும் தர்மபுரியில் இருக்கும்.